பஹீஜா கிளிப் போட்ட ஏழு பாட்டு

காஸாபிளாங்காவின் தர்ப் சுல்தான் பகுதியில் ஒருவர் பஹீஜாவைத் தெரியாமல் காலம் தள்ள வேண்டுமென்றால் அவருக்குக் கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது, காதும் கேட்கக் கூடாது.

கல்யாணம் ஆனவர்களுக்கு அவள் நெக்காஃபா. மணப்பெண்ணுக்கு வாடகை உடுப்பு கொண்டுவந்து, உடுத்திவிட்டு, நகை பூட்டி, பல்லக்கில் ஏற்றி, இறக்கி, அடுத்த உடுப்புக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறவள். ஒரு கல்யாணத்துக்கு ஏழு உடுப்பு. ஏழும் முடிகிறவரை பஹீஜா சொல்லாமல் பெண்ணின் அம்மாகூட ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட முடியாது. மாப்பிள்ளை வீட்டார் முறைத்தால் இவள் பதிலுக்கு முறைப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் ஜெயித்ததில்லை.

காது கேட்பவர்களுக்கு அவள் வேறு ஆள். காலை பத்து மணிக்கு மாடி ஜன்னலை அகலத் திறந்துவைத்துக் காஃப்தான் உடுப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். பின்னால் ‘ஃபர்ரான் 13’ அலறும். நான்கு பேர் கொண்ட ராக் கோஷ்டி. வீட்டில் யாரும் வாசிக்க விடாததால் தெருக்காரர்களின் மாவைச் சுட்டுக் கொடுக்கும் பதின்மூன்றாம் நம்பர் ஃபர்ரான், அதாவது ரொட்டி அடுப்பின் பின்புறம், மாவு மூட்டைகளுக்கு நடுவே பழகியவர்கள். அடுப்புக்காரர் அரைச் செவிடு, அதனால் இடம் கொடுத்தார். பத்தொன்பது வயதில் பஹீஜா மாவுப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கே போனவள், சுவருக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தில் நின்றது நின்றபடி நின்றுவிட்டாள். ரொட்டி கரியானது. வீட்டில் செருப்படி விழுந்தது. இரண்டையும் அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து புது ஆள் யார் கிடைத்தாலும் ஃபர்ரானை அறிமுகம் செய்துவைப்பது அவளுக்கு ஒரு வியாதி. அவள் அக்கா ஒரு பாட்டைப் பாதி கேட்டுவிட்டு, “குக்கர் வெடிச்சா இப்படித்தான் இருக்கும்” என்று எழுந்து போனாள். பல்லக்குத் தூக்கிகளில் ஒருவனுக்கு வேனில் போட்டுக் காட்டினாள். அவன் வழியில் இறங்கிக் கல்யாண வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தான். பதினோரு வருடமாகக் கூட வேலை செய்யும் மஹ்ஜூபாவுக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை. எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம், ஒன்றுகூடப் பிடிக்காது.

முதல் புருஷன் அப்துல்ஜலீல், துறைமுகத்தில் குமாஸ்தா. பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஆறு மாதம் எந்தப் பாட்டைப் போட்டாலும் “அருமை, அருமை” என்று தலையாட்டினான். ஏழாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் மொட்டைமாடிக்குப் போய்ப் பதினாறு கேசட்டையும் தெருவில் வீசினான்.

“இந்த வீட்டுல நான் இருக்கணுமா, அவனுங்க இருக்கணுமா?”

“அவங்களே இருக்கட்டும். கத்துறதுக்கு முன்னாடி ஒத்திகையாவது பார்க்கிறாங்க.”

தெரு இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறது. பஹீஜாவும் சேர்ந்து சிரிப்பாள். கேசட் போனதைக்கூட அவள் மறந்துவிட்டாள். அந்த ஆறு மாதத் தலையாட்டலை மட்டும் மன்னிக்கவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பத்தாறு வயதில், உடுப்பு வேனைத் தானே ஓட்டுவது என்று முடிவு செய்து டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். வாத்தியார் ஸி பூஷைப்; அந்த ஊரில் மரியாதைக்கு ஆணுக்கு ‘ஸி’, பெண்ணுக்கு ‘லல்லா’. அஸெம்மூர்க்காரர், மனைவியை இழந்தவர், ஐம்பத்து மூன்று வயது, எல்லாப் பருவத்திலும் சாம்பல் நிறக் கோட்டு. பாடக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு; காஸாபிளாங்காவில் பாதிப் பேர் உயிரோடு இருப்பது அந்தப் பிரேக்கால்தான். அவருக்கு இனிப்பாகப் பேச வராது. “இன்னும் வரல” என்பார், அல்லது “வந்துருச்சு” என்பார். நடுவில் ஒன்றும் கிடையாது.

“லல்லா பஹீஜா, கல்யாணப் பொண்ணைப் பல்லக்குல தூக்கிட்டுப் போற மாதிரி ஓட்டுறீங்க. ஊரே நின்னு பார்க்கணுமா? கொஞ்சம் மிதிங்க.”

மூன்று முறை தோற்று நான்காவதில் தேறினாள். மூன்றாவது தோல்விக்கு அவள் அவ்வளவாக வருந்தவில்லை என்பதை மஹ்ஜூபா கவனித்துவிட்டாள்.

லைசென்ஸ் வந்த அடுத்த மாதம், கூம்புச் சர்க்கரை இரண்டும் பாலும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு ஸி பூஷைப் ஹஜ் போய்வந்த தன் அக்கா ஹாஜா ருக்கய்யாவோடு பெண் கேட்டு வந்தார். தேநீர் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

“லல்லா, தெருவுல விசாரிச்சேன். உங்களைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க. ஆனா ஏதோ ஒரு கோஷ்டி இருக்காம், அதோட சேர்த்துத்தான் உங்களைக் கட்டிக்கணுமாம்.”

“யார் சொன்னா?”

“எட்டுப் பேர் சொன்னாங்க. எனக்குப் பாட்டுத் தெரியாது, ஹாரன்தான் தெரியும். நீங்களே பார்த்து நாலஞ்சு எடுத்துக் கொடுங்க. கேட்கிறேன். அப்புறம் நீங்க பதில் சொன்னாப் போதும்.”

இருபத்தெட்டு வருடமாக அவள் ஊரைத் துரத்தித் துரத்திக் கேட்க வைத்தாள். தானாக வந்து கேட்ட முதல் ஆள் இவர். சந்தோஷப்பட வேண்டியவள் பயந்துபோனாள். இந்த மனிதர் அவளுக்கு வேண்டும். பாட்டைக் கேட்டு ஓடிவிட்டால் என்ன செய்வது?

புதன்கிழமை மத்தியானம், உடுப்புகளைக் கட்டிலில் பரப்பிவைத்து முத்துத் தைத்துக்கொண்டே, பஹீஜாவும் மஹ்ஜூபாவும் பாட்டுப் பொறுக்க உட்கார்ந்தார்கள்.

“நாலஞ்சு இல்ல, ஏழு,” என்றாள் பஹீஜா. “உடுப்பு மாதிரிதான். முதல்ல வெளிர் நிறம், அதிக நகை கிடையாது. ஜனங்க சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க, புரையேறக் கூடாது. மூணாவது பச்சை வெல்வெட். அஞ்சாவதுல நகையை ஏத்தலாம். ஏழாவது வெள்ளை. அழ வைக்கணும்.”

“அப்ப ‘என் பல்லைத் திருப்பிக் கொடு’ எத்தனாவது?”

“அதெல்லாம் வேண்டாம்.”

“‘பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸுக்குச் சாபம்’?”

“அவர் வண்டி ஓட்டுற மனுஷன். மனசு கஷ்டப்படும்.”

மஹ்ஜூபா ஊசியைக் கீழே வைத்தாள். “லல்லா, இப்படிக் கழிச்சா மிச்சம் என்ன இருக்கும்? அவனுங்க இருமுறது மட்டும்தான் இருக்கும்.”

மிச்சம் ஆறு பாட்டு தேறியது. முப்பது வருடத்தில் தவறிப்போய் மெதுவாகப் பாடிய ஆறு. ஒன்றில் புல்லாங்குழல்கூட வந்தது. அந்த வருடம் கிதார்க்காரனுக்குக் கை ஒடிந்திருந்தது. ஏழாவதாக ‘வாடகை வீட்டு மழை’ இல்லாமல் முடியாது என்றாள் பஹீஜா. அவள் உயிரே அதில்தான் இருந்தது. ஆனால் பதினோரு நிமிடப் பாட்டு அது. முதல் மூன்று நிமிடம் மழை சொட்டுகிற மாதிரி மெல்லப் போகும். நான்காம் நிமிடத்தில் கூரை இடியும். ஒன்பதாம் நிமிடம்வரை பாடகன் கத்துவான், டிரம்ஸ்காரன் பக்கத்து வீட்டையும் சேர்த்து இடிப்பான்.

பஹீஜா போனை எடுத்தாள். வாடகை உடுப்பு எந்தப் பெண்ணுக்கும் அளவாக இருப்பதில்லை என்பது வெளியில் தெரியாத விஷயம். ஒல்லிப் பெண்ணென்றால் முதுகுப் பக்கம் துணியை இழுத்துப் பிடித்து வரிசையாகக் கிளிப் போட்டுவிடுவாள். முன்னால் பார்த்தால் அவளுக்கென்றே தைத்த மாதிரி இருக்கும். முதுகைப் படமெடுக்கிற போட்டோகாரனை அவள் மறுபடி கூப்பிடமாட்டாள். பாட்டையும் அப்படியே செய்தாள். நான்காம் நிமிடத்திலிருந்து வெட்டினாள், கடைசியில் வரும் மழைச் சொட்டை முன்னால் இழுத்து ஒட்டினாள். மூன்றரை நிமிடத்தில் அழகான, அடக்கமான, தலைகுனிந்த ஒரு பாட்டு கிடைத்தது.

“பாவம் லல்லா,” என்றாள் மஹ்ஜூபா.

“யாரு?”

“பாட்டுதான்.”

இரண்டு வாரம் ஸி பூஷைப் அந்த ஏழு பாட்டையும் பாடக் காரில் ஓடவிட்டார். மூன்று மாணவிகள் முதல் தடவையே தேறினார்கள். பாட்டுத்தான் காரணம் என்று அவர் நம்பினார். ஹாஜா ருக்கய்யா மருமகளிடம் சொல்லித் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். தஸ்பீஹ் மணி உருட்டி முடித்துவிட்டுக் கேட்பாராம். ஒரு வியாழக்கிழமை ஸி பூஷைப் வேனுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“வந்துருச்சு, லல்லா.”

“என்ன வந்துருச்சு?”

“உங்க கோஷ்டி. ரொம்ப ஒழுக்கமான பசங்க. அந்தப் புல்லாங்குழல்! அதுக்கப்புறம் கடைசிப் பாட்டு, மழை. கேட்டாக் கண்ணு கலங்குது. தெருவுல எதுக்கு இவ்வளவு பயமுறுத்தினாங்கன்னு தெரியல.”

பஹீஜா அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தாள். ஒரு நிமிடம் இருந்தாள். அடுத்த செய்தியை அவரே கையில் வைத்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் கால்பந்து மைதானத்துல பாடுறாங்களாம். போஸ்டர் பார்த்தேன். மூணு டிக்கெட் வாங்கிட்டேன்.”

“மூணா?”

“அக்காவும் வர்றாங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஹாஜா ருக்கய்யா ஈத் பெருநாளுக்கு உடுத்தும் வெள்ளை ஜெல்லாபாவில், மடக்கு நாற்காலியும் தேநீர் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு வந்தார். ஸி பூஷைப் கழுத்தில் டை. சுற்றிலும் ஆயிரம் பேர் கறுப்புச் சட்டையும் சங்கிலியுமாக நின்றார்கள். முகத்தில் எலும்புக்கூடு வரைந்துகொண்ட ஒரு முரடன், “ஹாஜா, இங்க வெயில் படும், அந்தப் பக்கம் போட்டுக்குங்க” என்று நாற்காலியைத் தூக்கி நிழலில் வைத்துக் கொடுத்தான்.

“நல்ல பிள்ளைங்க,” என்றார் ஹாஜா.

பஹீஜா அதற்குள் மூன்று தடவை தலைவலி என்று சொல்லிப் பார்த்திருந்தாள். ஸி பூஷைப் மூன்று தடவையும் மாத்திரை எடுத்து நீட்டினார்.

நான்கு பேரும் மேடையேறினார்கள். தலை வழுக்கை, வயிறு முன்னால், இடுப்பில் வலிக்குப் பட்டை. வணக்கம்கூடச் சொல்லாமல் ‘என் பல்லைத் திருப்பிக் கொடு’வில் தொடங்கினார்கள். ஹாஜாவின் கையில் இருந்த தேநீர்க் கோப்பை தானாக ஆடியது. ஸி பூஷைப்பின் வலது கால் புல்தரையில் எதையோ அழுத்தி மிதித்தது.

“இது வேற கோஷ்டியா?” என்று பஹீஜாவின் காதில் கத்தினார்.

அவள் அவர் தந்த மாத்திரை ஒன்றை விழுங்கிவைத்தாள். இரண்டாவதாக பஸ்ஸுக்குச் சாபம். மூன்றாவதாக மழை சொட்டியது. அவர் முகம் மலர்ந்தது. “இதோ! நம்ம பாட்டு!” என்று அக்காவைத் தட்டினார். மூன்று நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று கை தட்டுவதற்காக அவர் கையைத் தூக்கினபோது கூரை இடிந்தது.

பஹீஜா இனி மறைக்க முடியாது என்பதைப் புரிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால், மறைக்க நினைக்கவும் அப்போது அவளுக்கு நேரமில்லை. இருபத்தெட்டு வருடமாக அந்த நான்காம் நிமிடத்தில் அவள் உடம்பு கேட்காமலே எழுந்துவிடும். எழுந்துவிட்டது. தலைத்துணி கழன்று தோளில் விழ, மேடையில் பாடகன் கத்துவதற்கு அரை விநாடி முன்னாலேயே ஒவ்வொரு வரியையும் கத்தினாள். எலும்புக்கூட்டுக்காரன் மரியாதையோடு விலகி அவளுக்கு இடம் விட்டான்.

“அந்தப் பையனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று ஹாஜா மேடையைக் காட்டிக் கேட்டார். “யாராவது தண்ணி கொடுங்கப்பா!”

ஸி பூஷைப் மேடையைப் பார்க்கவில்லை. பஹீஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டு முடிந்ததும் கிளம்பினார்கள்; வெயில் இன்னும் இறங்கவில்லை. ஹாஜாவை வீட்டில் இறக்கிவிட்டு ஸி பூஷைப் தர்ப் சுல்தானுக்குக் காரைத் திருப்பினார். தெருமுனையில் நிறுத்தினார்.

“அந்த மழைப் பாட்டு எத்தனை நிமிஷம்?”

“பதினொண்ணு.”

“எனக்கு மூணரைதான் வந்துச்சு.”

“கொஞ்சம் சுருக்கினேன். பொய் இல்ல, ஸி பூஷைப். அலங்காரம்தான்.”

அவர் அவள் காலடியில் இருந்த வாத்தியார் பிரேக்கைக் காட்டினார். “வண்டி ஓட்டத் தெரியாதவங்களுக்காக இதை நான் போடுவேன். நீங்க எனக்குப் போட்டீங்க. எனக்குத் தாங்காதுன்னு யார் சொன்னது உங்களுக்கு?”

“ஓடிருவீங்கன்னு பயந்துட்டேன்.”

“அதை நான் கேட்டுட்டுல்ல முடிவு பண்ணியிருக்கணும்?”

கோபம்கூட இல்லாமல் சொன்னார். ஏமாந்த மனிதரின் குரல் அது. பஹீஜாவுக்கு அந்தக் குரலை உள்ளுக்குள் நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அவளுக்கே அப்படி ஒரு குரல் இருந்தது. அப்துல்ஜலீல் அவளுக்குச் செய்ததை அவள் இவருக்குச் செய்திருக்கிறாள். என்ன, அவன் தலையாட்டினான், இவள் கத்தரித்தாள். வீட்டுக்குள் போய் வெல்வெட் உடுப்பின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஒன்பது நாள் பேச்சில்லை. சனிக்கிழமைக் கல்யாணத்தில் நான்காவது உடுப்பையும் ஐந்தாவது உடுப்பையும் மாற்றி உடுத்திவிட்டாள்; இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை.

“வெட்டினது நீங்க,” என்றாள் மஹ்ஜூபா, பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே. “ஒட்ட நான் போக முடியாது. எனக்கு அந்தக் கருமாந்திரம் பிடிக்கவும் பிடிக்காது. போய்ட்டு வாங்க.”

செவ்வாய்க்கிழமை காலை பஹீஜா டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஒரு பாடத்துக்குப் பெயர் கொடுத்தாள்.

“உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே,” என்றார் ஸி பூஷைப்.

“ரவுண்டானா இன்னும் சரியா வரல.”

அது உண்மையும்கூட. அவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஹீஜா ஒரு பென் டிரைவைச் சொருகினாள். இந்த முறை அவள் பாட்டுப் பொறுக்கவில்லை. இருந்த எல்லாவற்றையும் போட்டிருந்தாள், முதலில் இருந்தது எல்லாவற்றிலும் மோசமானது. மாவு மூட்டைகளுக்கு நடுவே யாரோ ஒரு பழைய ரெக்கார்டரில் பிடித்த ஒத்திகை, பத்தொன்பது நிமிடம். ஃபர்ரானின் வெறியர்கள்கூடத் தாண்டிப் போய்விடுகிற பாட்டு. கிதார் சுருதி சேரவில்லை. ஐந்தாம் நிமிடத்தில் டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறான். பதினான்காம் நிமிடத்தில் மாவு மூக்கில் ஏறி மூன்று பேர் வரிசையாகத் தும்முகிறார்கள்.

அவள் ரவுண்டானாவை நான்கு முறை சுற்றினாள். அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கால் பிரேக் பக்கமே போகவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது பாட்டு முடிந்தது.

“மோசம்,” என்றார்.

பஹீஜா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

“ரொம்ப மோசம், லல்லா. அந்த டிரம்ஸ்காரனுக்கு நான்னா லைசென்ஸே கொடுக்கமாட்டேன். இதுல ஏதாவது வெட்டியிருக்கீங்களா?”

“ஒரு தும்மல்கூட வெட்டல.”

“அப்ப சரி.”

முகத்துக்கு நேரே ‘மோசம்’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகாமல் உட்கார்ந்திருக்கிற ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவளுக்கும் உண்மைதான் வந்தது.

“ஸி பூஷைப், அந்தப் புல்லாங்குழல் பாட்டு எனக்குச் சகிக்காது. அவங்களே வெட்கப்பட்டுக்கிட்டு மேடையில வாசிக்கிறதில்ல.”

அவர் நிஜமாகவே புண்பட்டுத் திரும்பினார். “அதைக் கேட்டுத்தான் நான் தினமும் தூங்குறேன்.”

“தூங்குங்க. கல்யாணத்துக்கு அப்புறம் காதுல மாட்டிக்கிட்டுத் தூங்கணும். வீட்டுல அது சத்தமா ஓடக் கூடாது.”

விளக்கு பச்சையானது. பின்னால் நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. ஸி பூஷைப்புக்கு அது எதுவும் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

“வலது பக்கம் திரும்புங்க,” என்றார் கடைசியில், இல்லாத டையைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு. “அக்காகிட்டச் சொல்லிட்டு வந்துரலாம். அடுத்த பாட்டைப் போடுங்க. அதுவும் மோசமா இருந்தா அதையும் சொல்வேன்.”